பழைய பொட்டிக்கு டூயல் பூட் எதுக்கு?

2025 அக்டோபர் 14 அன்னிக்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. (காசு கட்டியோ, அவங்க கணக்கோட பொட்டியை இணைச்சோ 2026 அக்டோபர் வரைக்கும் தள்ளிப்போட ஒரு வழி வச்சாங்க. அது வேற கதை.) அன்னியிலேர்ந்து எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "என் லேப்டாப் நல்லாத்தான் ஓடுது, ஆனா விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லுது. தூக்கிப் போட்டுடறதா?"

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை ப்ராசஸராவது இருக்கணும். அதாவது 2017-க்கு முன்னாடி வாங்கின பொட்டி எல்லாம் கிட்டத்தட்ட அவுட். ரேம் 8 ஜிபி இருந்தாலும், எஸ்எஸ்டி போட்டு வேகமா ஓடினாலும் வாசல்லயே நிறுத்திடுவான்.

இந்தக் கேள்விக்கு லினக்ஸ் பிடிச்ச நம்ம ஆளுங்க சொல்ற பதில் என்னன்னு உங்களுக்கே தெரியும். "லினக்ஸ் போடுங்க சார், பறக்கும்." கேட்டவர் முகத்துல பயம் தெரிஞ்சதும் அடுத்த வரி வரும். "விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். பக்கத்துலயே லினக்ஸையும் போட்டுக்கலாம். டூயல் பூட். எது வேணுமோ அதுல போய்க்கலாம்."

முதல் வரியில எனக்குப் பாதி சம்மதம். ரெண்டாவது வரியில சுத்தமா சம்மதம் இல்லை. பழைய பொட்டியில, ஒரே ஹார்ட் டிஸ்க்ல, கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தருக்கு டூயல் பூட் போட்டுக் கொடுக்கறது உதவி இல்லைங்கிறது என் கட்சி. லினக்ஸை மட்டும் போடுங்க, இல்லைன்னா போடாதீங்க.

நான் லினக்ஸ் எதிரி இல்லை மக்களே. ஆபீஸ்ல ஆணி புடுங்கறதும் லினக்ஸ்லதான், வீட்ல இதைத் தட்டிட்டு இருக்கறதும் லினக்ஸ்லதான். அதனாலதான் கோவம். நம்ம சிபாரிசுல போட்டுட்டு ரெண்டே வாரத்துல வெறுத்துப்போய் "லினக்ஸா, அது நமக்கு சரிப்படாதுங்க"ன்னு ஒதுங்கினவங்களை வரிசையா பார்த்துட்டேன். அவங்க மறுபடி இந்தப் பக்கம் வர மாட்டாங்க.

முதல்ல அந்தப் பாதி சம்மதத்தைப் பத்தி சொல்லிடறேன். "பழைய பொட்டின்னா லினக்ஸ் நல்லா ஓடும்"ங்கிறது பாதி உண்மை. பொட்டிக்கு எத்தனை வயசுங்கிறது விஷயமே இல்லை. உள்ளே என்ன சிப் இருக்குங்கிறதுதான் விஷயம்.

விண்டோஸ்ல டிரைவர் எழுதறது சிப் பண்ற கம்பெனியோட வேலை. முன்னல்லாம் மதர்போர்டு வாங்கினா கூடவே ஒரு சிடி வரும், ஞாபகம் இருக்கா? அந்த சிடி தொலைஞ்சா பாதி உசிரு போன மாதிரி. லினக்ஸ்ல பெரும்பாலான டிரைவர் கெர்னலுக்குள்ளயே வந்துடும். சிடி வேணாம், தேட வேணாம். ஒரு கம்பெனி தன் சிப் எப்படி வேலை செய்யுதுன்னு வெளிய சொல்லியிருந்தா, இல்லை தானே டிரைவரை எழுதிக் கெர்னலுக்குள்ள கொடுத்திருந்தா, அந்தப் பொட்டி பத்து வருஷம் கழிச்சும் மகராசியா ஓடும். 2012 வாக்குல வந்த மூணாவது தலைமுறை இன்டெல் லேப்டாப்பை எடுத்துக்குங்க. உள்ளே இருக்கற இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸுக்கு டிரைவர் தேடி ஒரு நிமிஷம் கூட செலவு பண்ண வேண்டாம். ஆத்தரோஸ் வை-ஃபை சிப் பலதும் இதே ரகம்தான். போட்டதும் பக்கத்து வீட்டு வை-ஃபை வரைக்கும் தெரியும்.

அதே காலத்துப் பொட்டியில வேற சிப் இருந்தா கதையே மாறிடும். ப்ராட்காம் வை-ஃபை பத்தி எழுதணும்னா தனி பதிவே போடலாம். அவங்க டிரைவர் தராத காலத்துல, வெளியாளுங்க சிப்பை நோண்டி நோண்டிப் பார்த்து பி43-ன்னு ஒரு டிரைவர் எழுதினாங்க. ஆனா சிப்புக்குள்ள ஏத்தற ஃபர்ம்வேரை வெளிய விநியோகிக்க உரிமை இல்லை. அதனால விண்டோஸ் டிரைவர் ஃபைலுக்குள்ளேர்ந்து அதை வெட்டி எடுக்கறதுக்குன்னே தனியா ஒரு கருவி! அந்த ஃபைலை இறக்க நெட் வேணும். நெட் வேணும்னா வை-ஃபை வேணும். வை-ஃபை வேணும்னா அந்த ஃபைல் வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதேதான் :-)

2010-ல ப்ராட்காம் மனசு மாறி ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டாங்க. அது அப்ப புதுசா இருந்த சில சிப்புக்கு மட்டும். அதுக்கு முந்தின சிப் வச்சிருந்தவங்களுக்குப் பழைய குருடி கதவைத் திறடிதான். (இந்த மாட்டு-வண்டி சிக்கலுக்கு இன்னிக்கு ஒரு சுலப வழி இருக்கு. போனை யுஎஸ்பி வயர்ல மாட்டி டெதரிங் போட்டா போதும், நெட் வந்துடும். 2008-ல இது எங்க இருந்துச்சு.)

இன்டெல்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னும் நினைக்காதீங்க. 2009 வாக்குல குட்டி குட்டியா நெட்புக் வந்துச்சே, அதுல சிலதுல ஜிஎம்ஏ 500-ன்னு ஒரு கிராஃபிக்ஸ் இருந்துச்சு. பேருதான் இன்டெல். உள்ளே இருந்தது இமேஜினேஷன் டெக்னாலஜிஸ்கிட்ட உரிமம் வாங்கிப் போட்ட பவர்விஆர். அதோட ரகசியத்தை இன்டெலே வெளிய சொல்ல முடியாது. பின்னாடி கெர்னலுக்குள்ள வந்த டிரைவர்ல திரை தெரியும், அவ்வளவுதான். முப்பரிமாண வேகம் எல்லாம் கிடையாது. வீடியோ ஓட்டினா ஸ்லைடு ஷோ மாதிரி இருக்கும்.

அப்புறம் என்விடியா. 2012-ல ஃபின்லாந்து ஆல்டோ பல்கலைக்கழக மேடையில லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினாரே, அது இவங்களுக்காகத்தான். பத்து வருஷம் கழிச்சு 2022-ல கெர்னல் டிரைவரைத் திறந்தாங்க. ஆனா ட்யூரிங் தலைமுறையும் அதுக்குப் பிந்தினதும் மட்டும்தான். பழைய கார்டுக்கு அதால பத்து பைசா பிரயோஜனம் இல்லை. ஜீஃபோர்ஸ் 8, 9 வரிசை காலத்துக் கார்டுகளை ஓட்டின 340 டிரைவருக்கு 2019-ஓட ஆதரவு முடிஞ்சுது. 400, 500 வரிசைக்கான 390 டிரைவர் 2022-ஓட முடிஞ்சுது. பழைய டிரைவர் புதுக் கெர்னலோட ஒட்டாது. மிச்சம் இருக்கறது நூவோன்னு ஒரு திறந்த டிரைவர். அதையும் என்விடியா உதவி இல்லாம வெளியாளுங்கதான் நோண்டி எழுதினாங்க. மெயில் பார்க்க, டைப் அடிக்கப் போதும். அதுக்கு மேல ஆசைப்பட்டா கஷ்டம்.

இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்காக இதையெல்லாம் எழுதலை. "லினக்ஸ் போடுங்க, பறக்கும்"னு போன்லயே வாக்கு கொடுக்கறவர், உள்ளே என்ன சிப்னு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். டாக்டர் நாடி பிடிச்சுப் பார்க்காமலே மாத்திரை எழுதற மாதிரி.

பறக்கும்ங்கிற வார்த்தையும் எனக்குப் பிடிக்காது. லினக்ஸ் லேசு, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மேல ஓடற ப்ரவுசர் லேசு இல்லையே. 2 ஜிபி ரேம் பொட்டியில எந்த லினக்ஸ் போட்டாலும் நாலாவது டேப் திறந்ததும் மூச்சு வாங்கும். யூடியூப் அனுப்பற விபி9 வீடியோவைப் பிரிச்சுப் போட அந்தக் காலத்து கிராஃபிக்ஸ்ல வசதி இல்லை. முழு பாரமும் ப்ராசஸர் தலையில விழும், விசிறி ஜெட் மாதிரி கத்தும். 32 பிட் பொட்டின்னா இன்னும் மோசம். உபுண்டு 2017-ல, 17.10-லயே, 32 பிட் டெஸ்க்டாப் சிடியை நிறுத்திட்டாங்க. எல்லாரும் கைவிட்டாலும் டெபியன் இருக்குன்னு சொல்லிட்டு இருந்தோம். 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல அங்கயும் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. அந்த மாதிரி பொட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைக்கறதுதான் மரியாதை.

சரி, சண்டைக்கு வர்றேன். டூயல் பூட்.

எங்க மாமா தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன், கொஞ்சம் டேலி கணக்கு. 2013-ல வாங்கின டெஸ்க்டாப். 2021-ல வைரஸ் தொல்லை தாங்காம உள்ளூர் சர்வீஸ் பையன்கிட்ட கொடுத்திருக்கார். பையன் நல்ல பையன், ஆர்வமான பையன். "அண்ணே, நெட் வேலை எல்லாம் லினக்ஸ்ல பண்ணுங்க, வைரஸ் வராது. டேலியும் டிடிபியும் விண்டோஸ்ல பண்ணுங்க"ன்னு டூயல் பூட் போட்டுக் கொடுத்திருக்கான். யோசனை தப்புன்னு சொல்ல முடியுமா? கேட்கறப்ப நானே தலையாட்டியிருப்பேன்.

முதல் வாரமே மாமா போன் பண்ணார். "மாப்ள, காலைல கடையைத் திறந்து விண்டோஸ் போட்டா மணி நாலுங்குது. நான் ஒன்பதரைக்குத்தான்டா கடையே திறக்கறேன்."

இந்த அஞ்சரை மணி நேரக் கூத்து தெரியாதவங்களுக்கு. பொட்டிக்குள்ள பேட்டரியில ஓடற கடிகாரம் ஒண்ணுதான். அதுல இருக்கற நேரம் நம்ம ஊர் நேரம்னு விண்டோஸ் நினைச்சுக்கும். உலகப் பொது நேரம்னு லினக்ஸ் நினைச்சுக்கும். நமக்கும் அதுக்கும் அஞ்சரை மணி நேர வித்தியாசம். லினக்ஸ் அணையறப்ப அதோட கணக்குப்படி எழுதி வச்சுட்டுப் போகும், விண்டோஸ் வந்து அப்படியே நம்பிடும். ரெண்டுல ஒண்ணு சரி, ஒண்ணு தப்புன்னு சொல்ல முடியாது. ரெண்டும் அவங்கவங்க வீட்ல சரி. லினக்ஸ்கிட்ட ஒரே ஒரு கட்டளையில சொல்லிச் சரி பண்ணிடலாம். ஆனா அந்தக் கட்டளை இருக்குன்னு மாமாவுக்கு எப்படித் தெரியும்? ரசீதுல விடியக்காலை நாலு மணின்னு விழறது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ரெண்டாவது மாசம் டி டிரைவ். கஸ்டமர் பென் டிரைவ்ல கொண்டு வந்த ஃபைலை லினக்ஸ்ல திறந்து டி டிரைவ்ல சேவ் பண்ணப் போனா, படிக்க மட்டும்தான் அனுமதி, எழுத முடியாதுன்னுடுச்சு. டிஸ்க் போயிடுச்சுன்னு மாமா பயந்தே போயிட்டார். விண்டோஸ் 8-லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசா சாகாது. பாதி தூக்கத்துல போய்ப் படுத்துக்கும். அந்த நிலையில வெளியாள் வந்து டிஸ்க்ல எழுதினா ஃபைலெல்லாம் குழம்பிடும்னு லினக்ஸ் தானே கையைக் கட்டிக்குது. நல்ல புத்திதான். ஆனா கவுன்ட்டர்ல அஞ்சு பேர் நிக்கறப்ப இந்த நல்ல புத்தியை யார்கிட்ட போய் விளக்கறது?

மூணாவது, 2022-ல. இன்ஜினியரிங் கவுன்சிலிங் அப்ளிகேஷன் போடற நேரம். கடைக்கு அதுதான் சீசன். லினக்ஸ் "புது வெர்ஷன் வந்திருக்கு, ஏத்திக்கறீங்களா"ன்னு கேட்டிருக்கு. கடையில வேலை பார்க்கற பொண்ணு சரின்னு கொடுத்திருக்கு. மறுநாள் காலைல மாமா போன். குரலே சரியில்லை. "மாப்ள, விண்டோஸைக் காணோம்டா. பத்து வருஷக் கணக்கு அதுலதான்டா இருக்கு."

விண்டோஸ் எங்கயும் போகலை. பொட்டி ஆன் ஆனதும் எந்த ஓஎஸ்னு கேட்கற கிரப் மெனு இருக்கே, அதுல விண்டோஸ் பேரு மட்டும் இல்லை. டிஸ்க்ல வேற என்னென்ன ஓஎஸ் இருக்குன்னு தேடிப் பார்த்து மெனுவுல சேர்க்கற வேலையை, பாதுகாப்பு காரணம் சொல்லி 2021-ல வந்த கிரப் 2.06 தானா செய்யறதை நிறுத்திடுச்சு. ஒரு ஃபைல்ல ஒரு வரி மாத்தினா பேரு திரும்ப வந்துடும். எனக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நான் இருக்கறது பெங்களூர், பொட்டி இருக்கறது தாலுகா ஆபீஸ் வாசல். போன்ல எழுத்து எழுத்தா சொல்லி, "எந்த கோடு மாப்ள, மேல் கோடா கீழ் கோடா"ன்னு கேட்டு, கடைசியில சாயங்காலம் சர்வீஸ் பையன் வந்துதான் சரியாச்சு. சீசன்ல ஒரு நாள் வியாபாரம் போச்சு. அப்ளிகேஷன் போட வந்த பசங்க எல்லாம் பக்கத்துக் கடைக்குப் போயாச்சு.

இதுல யார் மேல தப்பு? சர்வீஸ் பையன் மேலயா? அவன் போட்ட அன்னிக்கு எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. சரின்னு அழுத்தின பொண்ணு மேலயா? அப்டேட் கேட்டா கொடுக்கணும்னு நாமதானே ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றோம்? நான் யோசிச்சுப் பார்த்த வரைக்கும் தனித்தனியா யார் மேலயும் இல்லை. ஒரே தட்டுல ரெண்டு பேரை உட்கார வச்ச ஏற்பாடுதான் தப்பு. விண்டோஸ் ஆளுங்க பக்கத்துல லினக்ஸ் இருக்குமேன்னு நினைச்சு வேலை செய்யறதில்லை. லினக்ஸ் ஆளுங்க ஓரளவு நினைக்கறாங்க, ஆனா அவங்களுக்கும் அது முதல் கவலை இல்லை. ரெண்டு பக்கமும் மாசாமாசம் அப்டேட். இன்னிக்கு நல்லா இருக்கற டூயல் பூட் அடுத்த மாசமும் இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மாமா கடையில மட்டும்தான் இப்படின்னு நினைச்சீங்கன்னா, 2024 ஆகஸ்ட்டை ஞாபகப்படுத்தறேன். அந்த மாச விண்டோஸ் அப்டேட்ல, ஓட்டை இருக்கற பழைய பூட்லோடர்களை செக்யூர் பூட் ஏத்துக்காதபடி ஒரு மாற்றம் வந்துச்சு. டூயல் பூட் இருக்கற பொட்டியில இது வேலை செய்யாதுன்னு முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தாங்க. ஆனா வேலை செஞ்சுடுச்சு. உலகம் பூரா நிறைய பேருக்கு லினக்ஸைத் தொட்டா "ஏதோ பெரிய தப்பு நடந்துடுச்சு"ங்கிற அர்த்தத்துல ரெண்டு வரி வந்து பொட்டி அணைஞ்சுடும். ஒன்பது மாசம் கழிச்சு 2025 மே அப்டேட்லதான் அதுக்கு ஒரு முடிவு வந்துச்சு. வேணும்னே பண்ணாங்கன்னு நம்ம ஆளுங்க குதிச்சாங்க. எனக்கு அப்படித் தோணலை. பக்கத்துல ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்னு கண்டுபிடிக்கறதே கஷ்டமான வேலை, அதுல கோட்டை விட்டாங்க, அவ்வளவுதான். ஆனா பாதிக்கப்பட்டவருக்கு இந்த வித்தியாசத்தால என்ன லாபம்?

பழைய பொட்டிங்கிறப்ப இது இன்னும் இடியாப்பம். பழைய பயாஸ் பொட்டியில எம்பிஆர் முறையில நாலே நாலு ப்ரைமரி பார்ட்டிஷன்தான் போட முடியும். லேப்டாப் பண்ற கம்பெனியே சிஸ்டம், சி டிரைவ், ரெகவரி, அவங்க டூல்ஸ்னு நாலையும் நிரப்பி அனுப்பியிருக்கும். லினக்ஸ் இன்ஸ்டாலர் இடம் இல்லைன்னு சொல்லும். சி டிரைவ்ல நூறு ஜிபி காலியா கிடக்கே, எப்படி இடம் இல்லைன்னு நாம முழிப்போம். ஒண்ணை அழிக்கணும். எதைன்னு தெரியாம ரெகவரியை அழிச்சுட்டு அப்புறம் அழுதவங்க உண்டு. கொஞ்சம் பிந்தின பொட்டின்னா இன்டெல் ஆர்எஸ்டி முறையில டிஸ்க் செட் ஆகியிருக்கும், இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. பயாஸ்ல அதை ஏஎச்சிஐ-க்கு மாத்தினா லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், ஆனா முன்னேற்பாடு இல்லாம மாத்தினா விண்டோஸ் நீலத் திரை காட்டும். 2013, 14-ல வந்த பே ட்ரெயில் ஆட்டம் குட்டிப் பொட்டிகள்ல ப்ராசஸர் 64 பிட், அதை எழுப்பற யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். சாதா பென் டிரைவ் போட்டா கண்டுக்கவே கண்டுக்காது.

பழக்கத்துக்காகவாவது டூயல் பூட் வேணும், மெதுவா லினக்ஸுக்கு மாறிடுவாங்கன்னு ஒரு வாதம் உண்டு. இதுக்கு நம்ம ஊர்லயே பெரிய அளவுல ஒரு பரிசோதனை நடந்திருக்கு. 2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசோட இலவச லேப்டாப் திட்டம். ஆரம்பத்துல கொடுத்த லேப்டாப்கள்ல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் டூயல் பூட்டா போட்டே வந்துச்சு. பாஸ் சாதா சரக்கு இல்லை, சி-டாக் ஆளுங்க சென்னையில உருவாக்கினது, தமிழ்லயே மெனு வரும். எங்க ஊர்ல நான் பார்த்த பொட்டிகள்ல அதைத் திறந்து வேலை செஞ்ச ஒரு பையனையும் எனக்குத் தெரியாது. "அண்ணே, அந்த ரெண்டாவது ஒண்ணு இடத்தை அடைச்சுட்டு இருக்கு, தூக்கிடுங்க"ன்னு வந்தவங்களைத்தான் தெரியும். தெரிஞ்ச கதவு பக்கத்துலயே திறந்திருக்கறப்ப தெரியாத கதவைத் தள்ளிப் பார்க்க யாருக்குத் தோணும்? ஏதாவது ஒரு சின்ன சிக்கல் வந்தா போதும், ரீஸ்டார்ட், விண்டோஸ், முடிஞ்சுது. லினக்ஸ்ல அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கத்துக்கவே மாட்டாங்க.

எதிர்ப்பக்கமா ஒண்ணு. எங்க அத்தை வீட்ல 2012 லேப்டாப் ஒண்ணு, பையன் காலேஜ் முடிச்சதும் பரண்ல தூங்கிட்டு இருந்துச்சு. ரேமை 8 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸைச் சுத்தமா துடைச்சுட்டு லினக்ஸ் மின்ட் மட்டும் போட்டேன். அத்தைக்கு வேணும்கிறது யூடியூப், பேங்க், பேத்தியோட வீடியோ கால். "இது என்னப்பா, முன்ன மாதிரி இல்லையே"ன்னு ரெண்டு நாள் கேட்டாங்க. மூணாவது நாள் கேட்கலை. வேற வழி இல்லைன்னா மனுஷங்க எவ்வளவு சீக்கிரம் பழகிக்கறாங்க தெரியுமா! மூடித் திறந்தா சில சமயம் திரை கருப்பாவே நிக்கும். தூங்கப் போடாம நேரா அணைச்சுடுங்க அத்தைன்னு சொல்லி வச்சிருக்கேன். அந்த ஒரு குறையோட ஓடிட்டு இருக்கு.

"அப்ப டேலி வேணும்கிறவன் என்ன பண்றது?"ன்னு பின்னூட்டத்துல வந்து கேட்பீங்க. நேர்மையான பதில், அந்தப் பொட்டியில லினக்ஸ் போடாதீங்க. டேலி விண்டோஸுக்கான சாமான். கடைகள்ல பத்து பதினைஞ்சு வருஷமா உழைக்கற லேசர் பிரிண்டர்கள் சிலதுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்குன்னு பேருக்கு இருக்கும், ஓட வைக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், கைரேகைக் கருவி எல்லாம் இன்னும் வம்பு. தமிழ் டிடிபி ஆளுங்களுக்கு இன்னொண்ணு. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருவுல பேஜ்மேக்கர் வச்சு அடிச்ச இருபது வருஷச் சொத்து அங்க கிடக்கும். அதை லினக்ஸ்ல திறக்கலாம்னு வாய் கூசாம சொல்லாதீங்க.

ரெண்டும் வேணும்னா ரெண்டு டிஸ்க் போடுங்க. மாமா கடையில கடைசியா அதைத்தான் செஞ்சோம். விண்டோஸ் இருக்கற பழைய டிஸ்க்கைத் தொடவே இல்லை. அதோட வயரைக் கழட்டி வச்சுட்டு, புது எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டி அதுல லினக்ஸ் போட்டுட்டு, அப்புறம் பழைய வயரைத் திரும்ப மாட்டினோம். ஒருத்தர் பூட்லோடர் மேல இன்னொருத்தர் கை வைக்க வழியே இல்லை. எது வேணும்னு ஆன் பண்றப்ப பயாஸ் பூட் மெனுவுல தேர்வு பண்ணிக்கலாம். இப்ப விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுட்டதால, விண்டோஸ் பக்கம் நெட்டே கிடையாதுன்னு ஆக்கியாச்சு. டேலி, டிடிபி, அவ்வளவுதான். நெட், பேங்க், அப்ளிகேஷன் எல்லாம் லினக்ஸ் பக்கம். அந்தக் கடிகாரக் கூத்து ரெண்டு டிஸ்க் போட்டாலும் வரும், அதை மட்டும் மறக்காம சரி பண்ணணும். லேப்டாப்ல ரெண்டாவது டிஸ்க்குக்கு இடம் இருக்காதே? அப்ப ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. கஷ்டம்தான். ஆனா அந்த முடிவை முதல் நாளே எடுத்துடறது நல்லது.

சிபாரிசு பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். போன்ல வாக்கு கொடுக்காதீங்க. ஒரு பென் டிரைவை எடுத்துட்டு ஒரு சாயங்காலம் நேரா போங்க. இன்ஸ்டால் பண்ணாமலே லைவா ஓட்டிப் பாருங்க. வை-ஃபை வருதா, சத்தம் வருதா, வெளிச்சம் கூட்டற பட்டன் வேலை செய்யுதா, மூடித் திறந்தா எழுந்திருக்குதா, அவங்க வீட்டு பிரிண்டர்ல ஒரு பக்கம் விழுதா. வை-ஃபை மட்டும் மக்கர் பண்ணுதுன்னா சில நூறு ரூபாய்க்கு லினக்ஸ்ல ஓடற யுஎஸ்பி வை-ஃபை ஒண்ணு வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது, ராத்திரி பூரா ஃபர்ம்வேர் தேட வேணாம். கிராஃபிக்ஸ் மக்கர் பண்ணுதுன்னா அதுக்கு மாத்து இல்லை, அப்படியே எழுந்து வந்துடுங்க. முக்கியமா, தமிழ்ல டைப் அடிக்கறவங்களா இருந்தா அன்னிக்கே ஐபஸ்ல தமிழ்99-ஓ ஃபொனெடிக்கோ எது பழக்கமோ அதைப் போட்டு, அவங்க கையால நாலு வரி அடிக்க வச்சுட்டு வாங்க. என்எச்எம் ரைட்டரும் இ-கலப்பையும் விண்டோஸ் ஆளுங்க. தமிழ் அடிக்க முடியலைங்கிற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போன பதிவர்களை எனக்கே தெரியும்.

உங்க பழைய பொட்டியில எந்த வை-ஃபை சிப், எந்த கிராஃபிக்ஸ், எந்த லினக்ஸ்ல ஓடுச்சு, எதுல படுத்துச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. அடுத்து யாராவது எனக்கு போன் பண்றப்ப அதைப் பார்த்துட்டுப் பேசறேன்.

டிஸ்கி: "நான் பத்து வருஷமா டூயல் பூட் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு எழுத வர்ற அண்ணன்மாருக்கு: கிரப் மெனுவுல விண்டோஸ் காணாம போனா நீங்களே சரி பண்ணிக்குவீங்க. இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை :-)